பழைய பிக்கப்பில் இரட்டை சைலன்சர்: பட்ட பாடும் பார்க்க வேண்டியதும்

ஒருவழியாக இரண்டு சைலன்சரும் வண்டிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டன. ஆனாலும் முதலில் இந்த வேலையைச் செய்துகொடுத்த பட்டறையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய வி8 (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்) பிக்கப். இரண்டு பக்க மேனிஃபோல்டிலிருந்தும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் பாகம்) வரும் குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சைலன்சருக்குப் போகும். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பக்கத்துக்கு ஒன்றாகவே போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

"எல்லா பிக்கப்புக்கும் பொருந்தும், வெல்டிங்கே தேவையில்லை" என்று சொல்லித்தான் குழாய் செட்டை விற்றார்கள். அடியில் படுத்துப் பிடித்துப் பார்த்தால், ஒரு பக்கக் குழாய் கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டம்) நேராக முட்டுகிறது. ஒற்றை சைலன்சரோடு வந்த பல வண்டிகளில் குழாய் நுழைய ஒரு பக்கம்தான் வளைவு விட்டிருப்பார்கள். விற்றவரிடம் கேட்டால், "வளைச்சுப் போட்டுக்குங்க" என்று முடித்துவிட்டார். கண்ட இடத்தில் வளைத்தால் குழாய் நசுங்கி உள்விட்டம் குறையும். இரட்டைக் குழாய் போட்ட பலனே போய்விடும். இரண்டு பக்கமும் வளைவுள்ள கிராஸ் மெம்பரைத் தேடிப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. காசைக் கொடுப்பதற்கு முன் இந்த ஓர் இடத்தைக் குனிந்து பார்த்துவிடுங்கள்.

மேனிஃபோல்டு ஸ்டட் (நட்டு முடுக்கும் திருகுக் கம்பி) ஒன்றுகூட உடையவில்லை. ராத்திரி முழுக்கத் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டு, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் சூடாக்கிக் கழற்றினோம். அந்த ஒரு சந்தோஷம் மறக்காது.

பட்டறையில் வண்டியைச் சேஸிஸில் தாங்கித் தூக்கினார்கள். சக்கரமும் பின் ஆக்சிலும் கீழே தொங்கின. ஆக்சிலுக்கு மேல் குழாய் ஏறி இறங்கும் இடத்தில் தாராளமாக இடைவெளி தெரிந்தது. அதை நம்பி ஒரேயடியாக முழு வெல்டிங் அடித்துவிட்டார்கள். வண்டியை இறக்கியதும் ஆக்சில் மேலே வந்தது. நடுவே விரல் நுழையவில்லை. முதல் மேட்டிலேயே 'டங்' என்று அடித்தது. அடியில் பார்த்தால் ஆக்சிலில் பெயின்ட் உரிந்து பிறை மாதிரி பளபளக்கிறது, குழாயில் பள்ளம். காட்டினேன். "ஓட ஓட சரியாயிடும் சார்" என்றார் பட்டறைக்காரர். ஆக்சில் மோதுகிற குழாய் எத்தனை நாள் ஓடினாலும் சரியாகாது. கடைசியில் வெல்டிங்கில்தான் விரிசல் விடும்.

வேறொரு வெல்டர் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துத் திரும்பச் செய்தார். தாங்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்து, வண்டியின் பாரம் பட்டையில் (ஸ்பிரிங் பட்டை) இறங்கும்படி நிறுத்தினார். பின்னால் மூட்டைகளையும் ஏற்றி, பட்டை நன்றாக அமுங்கும்போது எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்தார். அதுவரை எல்லாம் டாக் வெல்டிங் (தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) மட்டும்தான். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் அவரே முதலில் கழற்றிவிட்டார். பிரேக் பைப் பக்கத்தில் குழாய் போன இடத்தில் வெப்பம் தடுக்கும் தகடு வைத்தார்.

குழாயைத் தொங்கவிடும் ஹேங்கரில் ரப்பர்தான் போட வேண்டும். 2 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 10 மி.மீ. நீளும். இறுக்கிக் கட்டினால் அந்த இழுப்பு முழுவதும் மேனிஃபோல்டு இணைப்பில்தான் விழும்.

இரண்டு குழாய்க்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் கொடுத்ததும் கேபினுக்குள் கேட்ட உறுமல் நன்றாகவே அடங்கியது. சைலன்சர் மாற்றும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

கசிவு பார்க்க, இன்ஜின் சூடேறும் முன் பின்முனையை ஈரத்துணியால் லேசாக அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், நுரை காட்டிக்கொடுத்துவிடும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் உள்ள வண்டி என்றால், இன்ஜினுக்கும் அந்த சென்சாருக்கும் நடுவே துளிக் கசிவும் ஆகாது. வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் எரிபொருள் குறைவு என்று தவறாகக் காட்டும்.

முதல் பட்டறைக்காரர் குழாயைக் கேபினுக்குக் கீழேயே வெட்டி விட்டுவிடலாம் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறினாலும் தெரியாது; அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. இரண்டு முனையும் பின் பம்பரைத் தாண்டித்தான் முடிகின்றன.