பழனிமலைக் கற்திட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொடைக்கானலை அடுத்த பெத்துப்பாறைப் பக்கம் 'குள்ளர் குகை' என்று காட்டுவது பெருங்கற்காலக் கற்திட்டை, இறந்தவர்களுக்காக எழுப்பியது. தாண்டிக்குடி வட்டாரத்திலும் உண்டு.

பலகைக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே கனமான மூடுகல். பல திட்டைகள் வெறும் பாறைமேலேயே நிற்கின்றன, அடியில் குழி கிடையாது. பக்கக்கல்லைச் சாயாமல் பிடித்திருப்பது சுற்றிலும் அடுக்கிய சிறுகற்களும் மண்ணும்தான். புதையல் ஆசையில் தோண்டுகிறவர்களும், தோட்டத்துக் கல்கட்டுக்குக் கல் அள்ளுகிறவர்களும் பிடுங்குவது இந்தத் தாங்கலைத்தான். அது போனால் பக்கக்கல் சாயும். மூடுகல் ஒரு முனையில் இறங்கி விரிசல் விடும். அப்புறம் ஒரு மழைக்காலம் போதும். பார்க்கவே வயிறு எரிகிறது.

ஆங்லேட், நியூட்டன் என்ற சேசு சபைப் பாதிரியார்கள் இவற்றைப் பற்றி எழுதியதை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பழைய நிலையோடு ஒப்பிட அது பெரிய உதவி.

தயவுசெய்து மூடுகல்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பாசியைச் சுரண்டாதீர்கள், சாக்பீஸால் கோடு போடாதீர்கள். பானை ஓடு கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, இடக்குறிப்போடு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கையில் எடுத்து வந்துவிட்டால் அது எந்தத் திட்டையைச் சேர்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.