கொழும்பில் கப்பல் மாறிய கன்டெய்னரும் இரண்டு பி.எல்.லும்

தூத்துக்குடியில் நாலு பேர் வேலை பார்க்கும் சின்ன ஷிப்பிங் அலுவலகம் எங்களுடையது. சொந்தக் கப்பல் கிடையாது. லைன்களில், அதாவது கப்பல் கம்பெனிகளில், சரக்குக்கு இடம் பிடித்துக் கொடுப்போம், கஸ்டம்ஸ் வேலையையும் முடித்துத் தருவோம்.

2021-இல் ஒரு பார்ட்டிக்காக மலேசியாவின் போர்ட் கிளாங்கிலிருந்து மரச்சாமான் உதிரிகள் கொண்டுவந்தோம். 2010 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த இந்தியா–ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) வர்த்தக ஒப்பந்தத்தின்படி, 'ஃபார்ம் ஏஐ' என்ற உற்பத்தி நாட்டுச் சான்று இருந்தால் வரிச் சலுகை கேட்கலாம். சான்று சரியாகவே வந்திருந்தது. அதனால் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சிக்கல் கொழும்பில் இருந்தது. தூத்துக்குடி சரக்கு நிறைய அங்கே கப்பல் மாறித்தான் வரும். வாடகை குறையட்டும் என்று கிளாங்–கொழும்புக்கு ஒரு பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் சீட்டு), அங்கிருந்து இங்கே வரும் ஃபீடர் என்ற சின்னக் கப்பலுக்கு இன்னொரு பி.எல். என்று பிரித்துப் போட்டிருந்தேன். இலங்கை ஆசியானில் இல்லை. ஒப்பந்தத்தில் சேராத நாடு வழியாகச் சரக்கு வந்தால், ஏற்றுமதி நாட்டிலேயே கொடுத்த 'த்ரூ பி.எல்.', அதாவது முழு வழிக்குமான ஒரே பி.எல்., காட்ட வேண்டும். அதிகாரி அதைத்தான் கேட்டார். என்னிடம் இரண்டு துண்டுகள்தான் இருந்தன.

கிளாங் ஏஜெண்டிடம் கெஞ்சிப் பார்த்தேன். வந்து இறங்கிவிட்ட சரக்குக்குப் பழைய தேதியில் புது பி.எல். போட முடியாது என்றார். அது நியாயம்தான். பார்ட்டி முழு வரியையும் கட்டினார். அதற்குள் ஏறியிருந்த டிமரேஜை (சரக்கை எடுக்கத் தாமதமானதற்கான கட்டணத்தை) நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பல மாத லாபம் அதிலேயே போய்விட்டது.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் வரி மிச்சம் இறக்குமதி செய்பவருக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே பலம், வழியைத் துண்டு துண்டாகப் பிடித்து வாடகையைக் குறைப்பது. சலுகைச் சரக்கில் அது போய்விடுகிறது. முழு வழிக்கும் பி.எல். தரும் பெரிய லைன் சொல்வதுதான் விலை. 2019 நவம்பரில் இந்தியா, ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான் போன்றவையும் சேர்ந்த ஆர்செப் என்ற வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் விலகியது. மறுபடி சேரலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், கொழும்பை நம்பியிருக்கும் சின்ன அலுவலகங்களின் இந்தக் கஷ்டத்தையும் யாராவது கேட்க வேண்டும்.

அப்புறம், 2020 செப்டம்பர் 21 முதல், இப்படி வரிச் சலுகை கேட்கும் இறக்குமதிக்கான 'கரோட்டார்' என்ற இந்திய கஸ்டம்ஸ் விதிகளும் உண்டு. பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு. அதனால் இப்போது இடம் பிடிக்கும் முன்பே அந்தத் தாள்களைக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்த கன்டெய்னருக்கு வாடகை கூடினாலும் த்ரூ பி.எல். கேட்டேன். டிராஃப்டில் ஏற்றும் துறைமுகம் கிளாங், சேரும் துறைமுகம் தூத்துக்குடி என்று பார்த்த பிறகே ஒப்புதல் கொடுத்தேன். சலுகை கிடைத்தது.