தப்பி வந்தவரின் பெயரில் தேடாதீர்கள்

தப்பியோடிய அடிமைகளைத் திரும்பப் பெற 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த கோரிக்கைகளின் மூலத் தாள்களை என் ஆய்வுக்காகப் பார்க்க வேண்டியிருந்தது. ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டையும் முன்பதிவும் எளிதாகவே கிடைத்தன; சிக்கல் தாள்களைக் கேட்டு எழுதித் தரும் சீட்டில்தான் தொடங்கியது.

தப்பி வந்தவரின் பெயரையே எழுத வேண்டும் என்று மேசையில் இருந்த அலுவலர் வற்புறுத்தினார். உரிமை கோரியவரின் பெயரும் தெரியும் என்றதற்கு, சீட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார். நெடுநேரம் காத்திருந்த பின் "பதிவு இல்லை" என்ற குறிப்புடன் சீட்டு திரும்பி வந்தது. பிறகு வேறு ஊரில் உள்ள கிளைக்கு அனுப்பினார்கள். ரயிலுக்குச் செலவழித்துப் போய்ச் சேர்ந்தால், நான் கேட்கும் தொகுதி புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறது என்றார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இவை சொத்து வழக்குகளாகவே எழுதப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். நான் பார்த்த அட்டவணையில் உரிமை கோரியவரின் பெயர்தான் இருந்தது. தேடப்பட்டவரோ வயது, உயரம், நிறம், தழும்பு என்னும் அடையாளங்களாக, குடும்பப் பெயர்கூட இல்லாமல், உள்ளே இருந்தார்.

ஒருவழியாகக் கைக்கு வந்த கட்டில் முகவருக்கு அளித்த அதிகாரப் பத்திரம், ஒரு பிரமாண வாக்குமூலம், இவ்வழக்குகளை விசாரித்த கூட்டாட்சி அலுவலரான ஆணையர், ஆளைக் கொண்டுபோக அனுமதித்து அளித்த சான்றிதழ் ஆகியவை மட்டுமே இருந்தன. மற்றவை தொலைந்திருக்கும் என்றார் அலுவலர். நான் அதை ஏற்கவில்லை, ஏனெனில் சட்டம் கேட்டதே அவ்வளவுதான். ஆறாம் பிரிவின்படி விசாரணை சுருக்கமானது. தேடப்பட்டவரின் சாட்சியம் ஏற்கப்படாது. பத்தாம் பிரிவின்படி, ஒருவர் தப்பியோடியதையும் தமக்கு உழைக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் உரிமையாளர் தம் மாநில நீதிமன்றத்திலேயே நிரூபித்து, அப்பதிவின் முத்திரையிட்ட நகலைக் கொண்டுவந்தால், ஆள் அவர்தானா என்பது மட்டுமே எஞ்சும். சான்றிதழ் வழங்கினால் ஆணையருக்கு 10 டாலர், மறுத்தால் 5 டாலர். (வழங்குவதில் எழுத்து வேலை கூடுதல் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம், மெலிந்த அந்தக் கட்டைப் பார்த்தவர் எவரும் அதை நம்ப மாட்டார்.)

வழக்கறிஞர் முன்வந்து எதிர்த்த இடங்களில் மட்டுமே தாள் பெருகியது. 1854இல் பாஸ்டனில், வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்து பிடிபட்ட அந்தோணி பர்ன்ஸுக்காக வழக்கறிஞர் ரிச்சர்ட் ஹென்றி டேனா வாதாடினார். ஆயினும் ஆணையர் லோரிங், வர்ஜீனியா நீதிமன்றப் பதிவின் நகலை முழுச் சான்றாகக் கொண்டு, அடையாளத்துக்கு, கைதான இரவில் பர்ன்ஸ் தம் உரிமையாளரிடம் பேசிய சொற்களையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார். சாட்சி சொல்ல அனுமதிக்கப்படாதவரின் வாய்ச்சொல்லே அவருக்கு எதிராகப் பயன்பட்டது.

கட்டு மெலிந்திருந்தால் கருவூலக் கணக்குகளைக் கேளுங்கள். வழியில் கூட்டம் கூடி மீட்டுவிடும் என்று அஞ்சுவதாக உரிமை கோரியவர் சத்தியம் செய்தால், கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது ஒன்பதாம் பிரிவு. நான் தேடியவரைத் திருப்பி அனுப்பிய செலவு அங்கேதான் கிடைத்தது: காவலர் கூலி, பயணக் கட்டணம், உணவு என வரிவரியாக. அதைக் கேட்கும் சீட்டில் மார்ஷலின் (ஆணைகளை நிறைவேற்றிய கூட்டாட்சி அதிகாரியின்) பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். உரிமை கோரியவரின் பெயர் அங்கே உதவாது.