400 கிலோமீட்டர், 73 நிமிடம்

தூரத்தைப் பார்த்ததும் வேகத்தால் வகுத்துவிடுவது என் பழைய கெட்ட பழக்கம். போன மாதம் ஒரு சின்ன விமான நிலையத்திலிருந்து இன்னொரு சின்ன விமான நிலையத்துக்குப் பயணம். இணையத்தில் தூரம் 400 கிலோமீட்டர் என்று காட்டியது. விமானம் ஏடிஆர் 72, மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். ஆக 48 நிமிடம். டிக்கெட்டிலோ 1 மணி 20 நிமிடம். "சும்மா கூட்டிப் போட்டிருக்காங்க, முக்கால் மணி நேரத்துல வந்துடுவேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.

10:05க்கு விமானம் நகர்ந்தது. தரையை விட்டு எழும்பும்போது 10:16. அதுவும் போகவேண்டிய ஊருக்கு நேர் எதிர்த்திசையில்! எதிர்காற்றில்தான் மேலேறுவார்கள், அன்று காற்று அப்படி. பிறகு ஒரு பெரிய வளைவு. இணையம் காட்டிய 400 என்பது பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். அதில் இந்த வளைவுக்கெல்லாம் இடமில்லை.

17,000 அடிக்குப் போய்ச் சேர்வதற்கே நேரம் போய்விட்டது. ஏறும்போது முழு வேகம் கிடைக்காது. இறங்குவதற்கு விமானிகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 17,000 அடிக்கு 51 கடல் மைல், அதாவது 94 கிலோமீட்டர். மொத்த தூரத்தில் கால்வாசி இறங்குவதற்கே! நான் வகுத்த அந்த 500, நடுவில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான்.

11:12க்குத் தரை தொட்டோம், 11:18க்கு நின்றோம். 73 நிமிடம். டிக்கெட்தான் சரி. அதில் போடுவது, நிற்கும் விமானம் உருளாமலிருக்க சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும் வரையிலான நேரம்.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் உண்டு. தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் 2 நிமிடம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 81 கிலோமீட்டர். கார் வேகம்! தூரம் குறையக் குறைய என் வகுத்தல் இப்படித்தான் பல்லிளிக்கும்.

காற்றைப் பற்றியும் தப்பாகவே நினைத்திருந்தேன். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, சரிக்குச் சரி என்று. அதே 400 கிலோமீட்டர், அதே 500 வேகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று என்றால் போக 60 நிமிடம், வர 40. மொத்தம் 100. காற்றே இல்லாவிட்டால் 96. எதிர்காற்றில்தானே அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால் ஈடாவதில்லை.

திரும்பி வரும்போது நல்ல பின்காற்று. வானத்தில் 47 நிமிடம்தான். இறங்கியதும் பெருமையாக அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "பெட்டி வந்துச்சா?" என்று பதில் வந்தது.

பெல்ட் இன்னும் சுற்றவே ஆரம்பிக்கவில்லை.