மஸ்டாங்கின் தரையில் துரு என்றால் முதலில் கண்ணாடிக்குக் கீழே பாருங்கள்

பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கப் போகிறவர்கள் பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைத்தான் முதலில் கேட்பார்கள். 1965, 66 மாடல்களில் இன்ஜின் கடைசிக் கவலை என்பதே என் அனுபவம். 289 கன அங்குல வி8 இன்ஜினின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேஸ்கட்டிலிருந்து பிஸ்டன் வரை எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அந்த வண்டிகளை முடக்கிப் போடுவது துருதான். அதுவும் கண்ணுக்குப் படாத இடத்தில் தொடங்கும் துரு.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகர் ஒன்றில். பனிக்காலம் முழுக்க இங்கே சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. என் வண்டி 1966 ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத தகட்டுக் கூரை வைத்தது. ஆலையில் அடித்த அதன் எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது: 6 என்றால் 1966, எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை, 07 ஹார்ட்டாப், சி என்றால் இரட்டைக் குழல் கார்புரேட்டர் வைத்த 289. பிறந்த ஊரை விட்டு அதிகம் நகராத வண்டி. ஆகவே உப்பு அதை விட்டுவைக்கவில்லை.

வண்டி வந்ததும் கார்ப்பெட்டைக் கிழித்து எடுத்தோம். அடியில் தார் பூசிய கனத்த ஷீட் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டியபோது டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தகடு செதில் செதிலாக உரிந்து வந்தது. ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்தினேன், கீழே கராஜ் தரை தெரிந்தது. இந்த இடத்தில் பலரும் புதுத் தரைத்தகடு வாங்கி வெல்டு செய்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ரெண்டு வருஷத்தில் அதே இடத்தில் மறுபடி ஓட்டை விழும். ஓட்டு வீட்டில் கூரை ஒழுகும்போது தரைக்கு சிமென்ட் பூசுகிற வேலை அது.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களை ஒட்டி, தகட்டில் வரிசையாகப் பிளவுகள் இருக்கும். காற்று உள்ளே போவதற்கான வழி. அந்தப் பகுதிக்குக் கவுல் என்று பெயர். காற்றோடு மழையும் போகும் என்று தெரிந்துதான் வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே இடமும் வலமும் ஒவ்வொரு காற்றுத் துளையைச் சுற்றியும் தொப்பி மாதிரி ஒரு தடுப்பு நிற்கிறது. தண்ணீர் அதைச் சுற்றி ஓடி, இரண்டு ஓரங்களிலும் இறங்கி, ஃபெண்டருக்கு (முன்சக்கரத்தை மூடும் வெளித்தகடு) பின்னால் வெளியே போய்விட வேண்டும். ஆனால் இலைச் சருகும் மண்ணும் பிளவு வழியாக விழுந்து தொப்பியின் அடியில் சேரும், மாதக்கணக்கில் ஈரம் காக்கும். மேல் தகடும் கீழ்த் தகடும் ஸ்பாட் வெல்டால் (புள்ளி புள்ளியாக வைத்த வெல்டு) மூடியிருப்பதால் கையை விட்டுச் சுத்தம் செய்ய வழியில்லை. ஆலையில் அந்த உட்பகுதிக்குப் பெயின்ட் சரியாகப் போகவும் இல்லை. தொப்பியின் அடி அரித்ததும் தண்ணீர் நேரே கார்ப்பெட்டுக்கு இறங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. நான் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். மகள் வெளியே நின்று, "அப்பா, ஊத்தவா?" என்று கேட்டுவிட்டுப் பூவாளியைச் சாய்த்தாள். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம், அதாவது இந்த வண்டியில் டிரைவர் பக்கம், காற்றுத் துளையின் விளிம்பில் ஒரு துளி திரண்டது, பிறகு நூலாக ஒழுகியது. பழுப்பு நிறத் தண்ணீர், மக்கிய இலை வாசனை. வண்டி வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் கேட்டு இதைச் செய்து பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கவுல் போய்விட்டது என்றே வைத்து விலை பேசுங்கள்.

துளைக்கு உள்ளிருந்து பசை வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் தொப்பிகள் விற்கிறார்கள். துரு தொப்பியைத் தாண்டவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அது போதும். எனக்கு அப்படித் தெரியாததால் முழுதாகத் திறப்பதென்று முடிவெடுத்தேன். பானட், இரண்டு ஃபெண்டர், வைப்பர், முன்கண்ணாடி எல்லாம் கழன்றன. பிறகு ஸ்பாட் வெல்டு ஒவ்வொன்றையும் தேடி, அதற்கென்றே உள்ள கட்டரால் மேல் தகட்டை மட்டும் துளைக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பழைய பெயின்டில் வெல்டுப் புள்ளி தெரியாது. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் சின்ன வட்டப் பள்ளமாகத் தெரியும். மேல் தகடு கழன்று வந்தபோது உள்ளே கைப்பிடி கைப்பிடியாகக் கறுத்த மண். கீழ்த் தகட்டில், தொப்பியிலிருந்து நான்கு விரல் தள்ளி இன்னொரு ஓட்டை இருந்தது. பிளாஸ்டிக் தொப்பி போட்டிருந்தால் அது அப்படியே ஒழுகிக்கொண்டிருந்திருக்கும்.

தரையை வெட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே காலத்து செவர்லே இம்பாலா காருக்கு அடியில் தனி சேசிஸ் உண்டு. மஸ்டாங்குக்குக் கிடையாது, பாடியேதான் சேசிஸ். தரையை அறுத்தால் வண்டி வளைந்துவிடும், அப்புறம் கதவு சாத்தாது. கதவு நிலைகளுக்குக் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு செய்து, கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வைத்துக்கொண்டுதான் கிரைண்டரை எடுத்தேன். பெட்ரோல் டாங்கை அதற்கு முன்பே இறக்கியாகிவிட்டது. இந்த வண்டியில் டாங்கின் மேல்புறம்தான் டிக்கியின் தரை என்பது பலருக்கும் தெரியாது; தீப்பொறி பறக்கும் வேலைக்கு முன் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

புதுத் தகட்டை மிக் வெல்டிங்கில் ஒரே கோடாக இழுக்கக் கூடாது. ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, சூடு ஆறிய பிறகு நடுவில் ஒன்று. அவசரப்பட்டால் தகடு நெளிந்துவிடும். இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர் பூசினேன், மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் குழாய் விட்டு மெழுகு அடித்தேன். கவுலின் உட்புறம் எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கை போனது. மூடிவிட்டால் இன்னொரு முறை யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

பேட்டரி இருக்கும் வலது முன்பக்க ஏப்ரனும் (ஃபெண்டருக்கு உள்பக்கத் தகடு) ஆசிட் பட்டுப் போயிருந்தது, மாற்றினேன். இடது ஏப்ரனில் கை வைக்கும்போது கவனம்: முன்பு சொன்ன ஆலை எண் அடித்திருப்பது அங்கேதான். அந்தத் துண்டை வெட்டி எறிந்தால் ஆவணச் சிக்கல் வரும்.

பாடி முடிந்த பிறகுதான் பிரேக் பக்கம் போனேன். இதில் நான் சமரசமே செய்ய மாட்டேன். 1966 வரை மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை, நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எந்தக் குழாயில் துரு ஓட்டை போட்டாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும். 1967 மாடலில் வந்த இரட்டை அறை சிலிண்டரை மாட்டி, இரும்புக் குழாய்கள் அத்தனையையும் செம்பு-நிக்கல் குழாயாக மாற்றினேன். பழைய ரப்பர் ஹோஸ்களையும் தூக்கிப் போட்டேன். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அவை உள்ளே வீங்கி, பெடலை விட்ட பிறகும் பிரேக்கைப் பிடித்தபடி நிறுத்திவிடும். பெட்ரோல் ஹோஸுக்கும் இதே கதிதான்: இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது.

இன்ஜினுக்குப் பாயிண்ட், கண்டென்சர், வாட்டர் பம்ப், பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் வழியை அடைக்கும் ஃப்ரீஸ் பிளக்குகள். அவ்வளவுதான். அந்தப் பிளக்குகள் மட்டும் உள்ளிருந்து அரித்துக் காகிதமாகியிருந்தன.

அரிசோனா மாதிரி வறண்ட ஊர் வண்டிக்கு இரண்டு மடங்கு விலை சொன்னாலும் அதையே வாங்குங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வெல்டிங்கை வெளியில் கொடுத்தால் அந்த வித்தியாசம் ஒரே பில்லில் போய்விடும். எனக்கு இனி பாக்கி பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர் பேனல். காந்தம் அங்கே ஒட்டவே மாட்டேன் என்கிறது, யாரோ பட்டியை அப்பி மூடியிருக்கிறார்கள். அடுத்த வாரம் சுரண்டத் தொடங்குகிறேன். ஆகஸ்ட்டில் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புக்குள் பெயின்ட் முடிய வேண்டும்.