அப்பாவின் காற்புண்ணும் மாறிக்கொண்டே இருந்த கட்டுகளும்

அப்பாவின் வலது காலில், பெருவிரலின் அடிப்பக்கத்தில் ஏற்பட்ட புண் முழுமையாக மூடுவதற்கு ஒரு மாரியும் அதற்கடுத்த கோடையின் பெரும்பகுதியும் சென்றன. அந்தக் காலம் முழுவதும் ஒரே புண்ணுக்கு வெவ்வேறு வகையான கட்டுகளைப் போட வேண்டியிருந்தது. எந்தக் கட்டு சிறந்தது என்று ஊரில் என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. புண் இன்று எந்த நிலையில் இருக்கிறது, நீர் வடிகிறதா, காய்ந்திருக்கிறதா, ஆழமாக உள்ளதா, கிருமித்தொற்று இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் இன்றைய கட்டு தீர்மானிக்கப்படுகிறது. சீனி வருத்தத்தோடு வயலில் இறங்குபவர்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் ஏராளம் என்பதால், நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே பதிவுசெய்கிறேன்.

பல வருட நீரிழிவினால் அப்பாவின் பாதங்களில் உணர்ச்சி பெருமளவு குறைந்திருந்தது. தோல் தடித்துக் காய்ப்பாகிய இடத்தின் கீழே புண் உருவாகி, துர்நாற்றம் வந்த பின்னரே வெளியே தெரிந்தது. மண்முனைப் பாலத்தைக் கடந்து நகருக்கு அழைத்துச் சென்றபோது, வைத்தியர் கட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்தார்; மெல்லிய நைலோன் இழையால் உணர்ச்சியைச் சோதித்தார்; புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்படுகிறதா என்று உலோகக் கோலால் ஆராய்ந்து, எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். இரத்த ஓட்டம் போதாத காலில் எந்தக் கட்டும் புண்ணை ஆற்றாது என்பதையும், எலும்புக்குள் தொற்று இறங்கியிருந்தால் மேலே கட்டுவதால் மட்டும் பயனில்லை என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அப்பாவுக்கு நாடித்துடிப்பு நன்றாக இருந்தது, எலும்பும் தப்பியிருந்தது. காய்ப்பையும் இறந்த தசையையும் வெட்டி அகற்றி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் தொடங்கினார்கள்.

அதற்கு முன்னர் வேறொரு சிகிச்சை நிலையத்தில் காஸ் எனப்படும் மெல்லிய வலைத்துணியை உலர்ந்தபடியே வைத்துக் கட்டி, மறுநாள் அதை அப்படியே உரித்தெடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக வளர்ந்த சிவந்த தசையும் காஸோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. மருந்து கட்டும் அறையில் இருந்த தாதி உத்தியோகத்தர் சேலைனில், அதாவது கிருமிநீக்கிய உப்புநீரில், நனைத்துப் பிழிந்த காஸை வைத்து, அதன் மேல் உலர்ந்த பஞ்சுப் பட்டையை வைத்துக் கட்டினார். தொற்று உள்ள புண்ணை நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டியிருப்பதால், மலிவானதும் எளிதில் மாற்றக்கூடியதுமான இந்தக் கட்டே அப்போது பொருத்தமானது என்றார். “காயம் காஞ்சாத்தானே மிஸ் மாறும்?” என்று அப்பா கேட்டார். அப்படியல்ல, அளவான ஈரத்தில்தான் ஆறும் என்றார் தாதி. 1962 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளில் மேலோட்டமான காயங்களை ஏற்படுத்தி, மூடி ஈரமாக வைக்கப்பட்டவற்றில் தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகமாக வளர்வதைக் காட்டியதிலிருந்தே இன்றைய கட்டுகள் பெரும்பாலானவை உருவாகியுள்ளன என்பதைப் பின்னர் படித்தேன். அப்பாவோ அதைத் தன் அனுபவத்தினாலேயே விளங்கிக்கொண்டார். “விதைச்ச நெல்லுக்கு ஈரம் வேணும், ஆனா தண்ணி நிண்டா அழுகிப் போயிரும், அப்பிடித்தானே மனே?” என்று வரும் வழியில் என்னிடம் சொன்னார்.

தொற்று அடங்கிய பின்னர் புண் சிவந்து சுத்தமாகத் தெரிந்தாலும், நீர் மிக அதிகமாக வடிந்தது. காலையில் கட்டினால் மாலைக்குள் நனைந்துவிடும். புண்ணின் ஓரத்துத் தோல் வெளுத்துச் சுருங்கி ஊறிப்போகத் தொடங்கியது. அந்தத் தோல் சிதைந்தால் புண் அகலும். அந்தக் கட்டத்தில்தான் அல்ஜினேட் என்ற கட்டு வந்தது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருளால் ஆன வெண்ணிற நார் அது. புண்ணிலிருந்து வரும் நீரிலுள்ள சோடியமும் நாரிலுள்ள கல்சியமும் இடம் மாறுவதால் அது மென்மையான ஜெல்லாக மாறி, நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிறிய இரத்தக் கசிவையும் நிறுத்த உதவுகிறது. பள்ளமான புண்ணுக்குள் அதை இறுக்கித் திணிக்கக் கூடாது, தளர்வாக இட வேண்டும் என்று தாதி செய்து காட்டினார். உள்ளே வைத்த துண்டுகள் எத்தனை என்று எழுதிவைப்பதும் அவசியம், ஏனெனில் உள்ளே மறந்துபோகும் ஒரு துண்டே புதிய தொற்றுக்குக் காரணமாகலாம். சில வாரங்களில் அல்ஜினேட் ஜெல்லாக மாறாமல் உலர்ந்து ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. அது நீர் குறைந்துவிட்டதற்கான அடையாளம்; சேலைனால் ஊறவைத்து அதை எடுத்தார், பின்னர் அந்தக் கட்டையே நிறுத்தினார்.

அடுத்ததாக, மெத்தென்ற பஞ்சு போன்ற ஃபோம் கட்டு. நடுத்தர அளவில் நீர் வடியும் புண்ணுக்கு இது ஏற்றது. நீரை உறிஞ்சிக்கொண்டே புண்ணின் ஈரத்தைக் காக்கும். நிலைமையைப் பொறுத்துச் சில நாட்களுக்கு, சில வகைகளில் ஒரு வாரம் வரைகூட, விட்டுவைக்கலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், இதைத் தனியார் பாமசியில் வாங்க வேண்டியிருந்தது. ஒரு துண்டின் விலை காஸைவிடப் பல மடங்கு அதிகம்; ஆயினும் தினமும் ஆட்டோ பிடித்து நகருக்குப் போய்வருவதோடு ஒப்பிட்டால் எங்களுக்கு அது கட்டுப்படியானது. எங்கள் பிரதேசத்துப் புழுக்கத்தில் ஓரம் ஒட்டும் வகை வியர்வையில் கழன்றுவிடுகிறது, ஆகவே ஒட்டாத வகையை வைத்து மேலே சுருள் பண்டேஜால் சுற்றுவது நல்லது. மாரியில் கட்டின் வெளிப்பக்கம் நனைந்துவிட்டால், நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும்.

ஹைட்ரோகொலொயிட் என்ற, தோலின் நிறத்தில் இருக்கும் ஒட்டுத் தகட்டை வாங்கலாமா என்று கேட்டபோது, “அப்பாட காலுக்கு அது வேணாம் தம்பி” என்று தாதி மறுத்துவிட்டார். அது காற்றுப் புகாதவாறு மூடுவதால், உணர்ச்சியில்லாத காலில் உள்ளே தொற்று தொடங்கினாலும் பல நாட்களுக்குத் தெரியாது. அதே தகட்டைப் படுக்கையில் இருக்கும் என் மாமியின் இடுப்பின் பின்பக்கத்திலிருந்த ஆழமற்ற, சுத்தமான படுக்கைப் புண்ணுக்கு அவரே பரிந்துரைத்தார். தகட்டுக்குக் கீழே மஞ்சளாகக் கூழ் போன்று சேர்வதையும் அதன் மணத்தையும் பார்த்துச் சீழ் என்று பயந்தோம், ஆனால் அது கட்டே கரைந்து உருவாகும் ஜெல். கண்ணாடி போன்ற மெல்லிய ஃபில்ம் கட்டு நீரை உறிஞ்சாது. சேலைன் ஊசி ஏற்றிய இடத்துக்கும் உரசிய தோலுக்கும் மட்டுமே அது போதுமானது.

மருந்து கட்டும் அறையில் எங்களுக்கு அருகில் காத்திருந்த ஒருவரின் கால்விரல் கறுத்து முற்றாக உலர்ந்திருந்தது. அவருக்கு எதையும் நனைக்காமல், உலர்ந்த காஸை மட்டும் சுற்றினார்கள். உலர்ந்த புண்ணுக்கு நீரைக் கொடுத்து இறந்த தசையை இளக்கும் ஹைட்ரோஜெல் என்ற களிம்பு இருக்கிறது; ஆனால் இரத்த ஓட்டம் இல்லாத விரலை அதைக்கொண்டு ஈரமாக்கினால் உலர்ந்த அழுகல் ஈர அழுகலாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு மிகவும் அழுத்தமாகப் பதிந்த செய்தி இதுவே. ஈரம் நல்லது என்ற பொதுவிதி அவருடைய விரலுக்குப் பொருந்தவில்லை, அதைத் தீர்மானித்தது அந்தக் காலின் இரத்த ஓட்டம்.

வெள்ளி கலந்த கட்டு தொற்றின் அறிகுறி உள்ள புண்ணுக்குச் சில காலம் மட்டும் இடப்படுவது. வழமையாக இரண்டு வாரங்களில் பயனை மீளாய்வு செய்கிறார்கள். பொவிடோன் அயடின் என்ற கிருமிகொல்லித் திரவமும் அவ்வாறே, சுத்தமாக வளரும் புண்ணில் மாதக்கணக்கில் ஊற்றுவதற்கு உரியதல்ல. ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் ஸ்பிரிட்டும் புதிய தசையையே பாதிக்கும். காட்டுத்தேன் பூசினால் ஆறும் என்று உறவினர்கள் அன்போடு போத்தலில் கொண்டுவந்தார்கள். மருத்துவத்தில் தேன் பயன்படுவது உண்மைதான். ஆனால் அது கதிர்வீச்சினால் கிருமிநீக்கம் செய்யப்பட்டது. காட்டுத்தேனில் நோய்க்கிருமிகளின் வித்துகள் இருக்கலாம் என்பதால் அதை அம்மா சமையலறையில் வைத்துவிட்டார்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, அப்பாவை அந்தக் காலில் பாரம் கொடுக்காமல் இருக்கச் செய்வதுதான். ஒவ்வொரு அடியும் புதிய தசையை நசுக்கும்போது, எவ்வளவு விலையுயர்ந்த ஃபோமும் பயனற்றுப் போகும். அந்தப் போக வெள்ளாமையைத் தம்பி பொறுப்பேற்றான். வாரந்தோறும் புண்ணின் நீள அகலத்தை அளந்து கிளினிக் கொப்பியில் எழுதினோம். 4 வாரத்தில் பரப்பு பாதியளவாவது குறையாவிட்டால் சிகிச்சையை மீண்டும் ஆராய வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது குறைந்தது.

கடைசிக் கட்டத்தில், புண் மேலோட்டமாகிய பின்னர், மென்மெழுகு பூசப்பட்டதால் புண்ணில் ஒட்டாத பரஃபின் காஸ் மட்டுமே போதுமாக இருந்தது. மூடிய நீரிழிவுப் பாதப்புண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 வீதமானவர்களுக்கு மீண்டும் வருகிறது என்பதால், அப்பா மென்மையான உட்தளமுள்ள செருப்பில்லாமல் முற்றத்திலும் நடப்பதில்லை. இரவில் அம்மா பாதங்களைப் பார்க்கிறார். வீட்டில் சேலைன், கிருமிநீக்கிய காஸ், பரஃபின் காஸ், சுருள் பண்டேஜ் ஆகியவற்றை மட்டும் வைத்திருக்கிறோம். காய்ச்சல், பரவும் சிவப்பு, புதிய துர்நாற்றம், தோல் கறுத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், வீட்டில் கட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் கிடைக்காத நேரத்தில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.