பி-17 ஏர்ஷோ பறப்பு: சிமுலேட்டரில் இதுவரை

பி-17 என்பது இரண்டாம் உலகப் போரின் நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம். போர்க்காலக் கையேட்டின்படி அதன் பி-17ஜி ரகத்தின் உச்ச எடை 65,500 பவுண்டு. இன்று ஏர்ஷோவில் தலைக்கு மேல் போகும் பி-17-இல் குண்டும் இல்லை, தோட்டாவும் இல்லை. டேங்கும் நிரம்பியிருக்காது. போர்க்கால எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே அதிகம். உயரத்தில் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போக்களும் பெரும்பாலும் கழற்றப்பட்டிருக்கும், அல்லது பயன்படுத்தப்படாமல் சும்மா இருக்கும். சிமுலேட்டரில் பலர் 46 அங்குல மேனிஃபோல்டு பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்), 2500 ஆர்பிஎம் என்று போர்க்கணக்கிலேயே ஓட்டிவிட்டு, இன்ஜின் ஏன் வெந்துபோகிறது என்று கேட்கிறார்கள். ஏர்ஷோக் குழுவின் கணக்குக்கு மாறினால் அந்தத் தொல்லையில் பாதி தானாகவே தீரும்.

எடை, எரிபொருள், டர்போ

பேலோடு பக்கத்தில் குண்டு, தோட்டா எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, காக்பிட்டில் மூவர் மட்டும் வைத்தோம். எரிபொருள் 600 கேலன். நான்கு இன்ஜினும் சேர்ந்து மணிக்குச் சுமார் 200 கேலன் குடிக்கும் என்பதால் ஒரு காட்சிக்கும் திரும்பி வருவதற்கும் இது தாராளம். எரிபொருளை இடம் வலம் சமமாக நிரப்புங்கள். சிம் தானாக நிரப்பும்போது வெளி டேங்குகளில் போய்ச் சேர்ந்தால் ரோல் இன்னும் மந்தமாகும். விமானத்தைச் சாய்க்கும் ஐலரான் ஏற்கெனவே கனம்தான்.

டர்போ டயல் 0. ரைட் ஆர்-1820-97 இன்ஜினுக்குள்ளேயே கியரில் சுழலும் சூப்பர்சார்ஜர் ஒன்று இருப்பதால், தாழ்வான உயரத்தில் டர்போ இல்லாமலே டேக்-ஆஃபுக்குப் போதுமான அழுத்தம் கிடைக்கும். டயல் 8-இல் வைத்து, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளுவது 65,500 பவுண்டோடு கிளம்புகிறவர்களுக்கு.

த்ராட்டில் பிடி

அதிக நேரம் இதில்தான் போனது. பி-17-இன் த்ராட்டில் நான்கு தனித்தனிக் குமிழ் அல்ல. மூன்று குறுக்குப் பிடிகள் கொண்ட அமைப்பு: ஒன்று வெளிப்புற இன்ஜின்கள் 1, 4-ஐ நகர்த்தும், இன்னொன்று உட்புற 2, 3-ஐ, நடுவில் பிடித்தால் நான்கும் ஒன்றாகப் போகும். தரையில் திரும்ப வெளி இன்ஜின்களை மட்டும் தொட வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு வெறும் அலங்காரமில்லை. கடையில் கிடைக்கும் ஆறு லீவர் குவாட்ரன்டில் (த்ராட்டில் பெட்டியில்) இதே பலன் வேண்டுமென்றால் ஒரு லீவருக்கு 1, 4-ஐயும் அடுத்ததற்கு 2, 3-ஐயும் கொடுத்து, இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டால் போதும்.

நாங்கள் கட்டியது நான்கு லீவர்: 8 மி.மீ. தண்டு ஒன்றில் நான்கும் கோர்த்து, இடையில் நைலான் வாஷர், ஒரு முனையில் ஸ்பிரிங் வாஷரும் விங் நட்டும். நட்டைத் திருகினால் இறுக்கம் கூடும். ஒவ்வொரு லீவருக்கும் 10கே (10,000 ஓம்) லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருகினால் மாறும் மின்தடை, சுருக்கமாகப் பொட். வாங்கும்போது 'பி10கே' என்று பார்த்து வாங்குங்கள். 'ஏ10கே' ஆடியோ வகை. அதைப் போட்டால் லீவரின் முதல் பாதியில் ஒன்றும் நடக்காமல் கடைசியில் எல்லாம் ஒரேயடியாகப் பாயும்.

இங்கே வழக்கமாகச் சறுக்குவது கோணக் கணக்கில். லீவர் அசைவது 65 டிகிரி, பொட்டின் பயனுள்ள சுற்று சுமார் 270 டிகிரி. நேராகப் பொருத்தினால் 10 பிட்டில் கிடைக்கும் 1023 படிகளில் 250 கூடத் தேறாது. கால் அங்குல அழுத்தம் வித்தியாசம் காட்ட வேண்டிய இடத்தில் முள் துள்ளித் துள்ளிப் போகும். லீவர் பக்கம் 45 பல் கணக்கில் ஒரு கியர்த் துண்டு, பொட்டில் 15 பல் கியர் என்று 3:1 வைத்ததும் 700 படிக்கு மேல் கிடைத்தது. கியர்களுக்கிடையே உள்ள ஆட்டத்தை எடுக்க, லீவரை ஒரே பக்கமாக இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அவசியம்.

போர்டு, ஏடிமெகா32யு4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ. கணினிக்கு அது நேரடியாக ஜாய்ஸ்டிக்காகத் தெரியும், தனி டிரைவர் தேவையில்லை. நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மென்பொருளில் 16 வாசிப்புகளின் சராசரி. இரண்டும் சேர்ந்ததும் முள் நடுக்கம் நின்றது. நான்கு பொட்டும் அச்சு அசலாக 10,000 ஓம் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. மின்னழுத்தப் பகிர்வாக இணைத்திருப்பதால் மொத்த மின்தடை ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. ஆனால் நடுப்பகுதியில் நேர்கோடு தவறும் பொட் இருந்தால் நான்கு லீவரும் ஒரே இடத்தில் நிற்கும்போது அழுத்தம் மட்டும் நான்கு விதமாக இருக்கும். இரு முனைகளை மட்டும் அளந்து விட்டுவிடாமல், கால், அரை, முக்கால் இடங்களிலும் அளந்து அட்டவணை போட்டுத் திருத்துவதுதான் வழி.

இன்ஜின் கிளப்புதல்

ரேடியல் இன்ஜின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது) நின்றிருக்கும்போது கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தங்கும். அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் எண்ணெயை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஏர்ஷோ மைதானத்தில் குழுவினர் பிளேடைப் பிடித்துக் கையால் சுற்றுவது அதற்காகத்தான். ப்ராப் குறைந்தது மூன்று முழுச் சுற்று வர வேண்டும். நடுவில் முரண்டு பிடித்தால் பின்பக்கமாகத் திருப்பக் கூடாது. கீழ் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். இதை உண்மையிலேயே கணக்கிடும் சிம் மாடலும் உண்டு, கண்டுகொள்ளாததும் உண்டு.

பிறகு ஸ்டார்ட் ஸ்விட்சைப் பன்னிரண்டு நொடி பிடித்து ஃபிளைவீல் வேகமெடுக்க விட்டு, அதை இன்ஜினோடு இணைக்கும் மெஷ் ஸ்விட்ச். எரிபொருள்-காற்றுக் கலவை லீவரான மிக்ஸ்சர் அதுவரை கட்-ஆஃபில் (எரிபொருள் அடைப்பு). பிரைமர் பம்பில் கிடைத்த பெட்ரோலிலேயே இன்ஜின் பற்றியதும் மிக்ஸ்சரை ஆட்டோ-ரிச்சுக்கு (செறிவான கலவை) தள்ள வேண்டும். முன்கூட்டியே தள்ளினால் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து தீப்பிடிக்கும். சிம்மில் பலர் விழும் குழி இது. 30 நொடிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறாவிட்டால் அணைத்துவிடுங்கள். பிறகு 1000 ஆர்பிஎம்மில் சூடேறும்வரை பொறுமை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோக்களின் சோதனையில் ஆர்பிஎம் 100-க்கு மேல் விழுந்தால் அன்று பறப்பில்லை.

தரையில் நகர்வதற்கு முன் ஹைட்ராலிக் அழுத்தம் 600 முதல் 800 பிஎஸ்ஐ வரை இருக்கிறதா பாருங்கள். பி-17-இல் கியர் (தரையிறங்கு சக்கரங்கள்), ஃபிளாப் எல்லாம் மின் மோட்டார். ஹைட்ராலிக் பார்த்துக்கொள்வது பிரேக்கையும், இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றுக் கதவுகளான கவுல் ஃபிளாப்பையும்தான். அழுத்தம் போனால் பிரேக் போச்சு. திரும்புவது வெளி இன்ஜினால், நிறுத்துவது பிரேக்கால். மாற்றிச் செய்தால் ரன்வே வருவதற்குள் பிரேக் சூடாகிவிடும். ரன்வேயில் நேராக நின்று பத்தடி முன்னே நகர்ந்த பிறகே டெயில்வீலைப் பூட்டுங்கள்.

பறப்பும் காட்சி வட்டமும்

மணிக்கு 110 மைலை ஒட்டித் தரையை விட்டு எழும். சக்தியைக் கூட்டும்போது ஆர்பிஎம் முதலில், த்ராட்டில் பிறகு, குறைக்கும்போது தலைகீழ். இறங்கும்போது த்ராட்டிலை ஒரேயடியாக மூடும் பழக்கம்தான் சிம் பறப்பாளர்களின் பெரிய வியாதி. அப்போது காற்று ப்ராப்பைச் சுற்ற, ப்ராப் இன்ஜினைச் சுற்றும். மாஸ்டர் ராடு பேரிங் எதிர்ப்பக்கச் சுமையில் தேயும். 100 ஆர்பிஎம்முக்கு ஓர் அங்குல மேனிஃபோல்டு பிரஷராவது என்று ரேடியல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு கைகொடுக்கும்: 2000 ஆர்பிஎம்மில் 20-க்குக் கீழே போகாதீர்கள்.

காட்சி வட்டத்துக்குக் கொஞ்சம் கணக்கு. 180 மைல் வேகத்தில் 30 டிகிரி சாய்வில் திரும்பினால் ஆரம் சுமார் 1.1 கி.மீ. அதாவது மறுபக்கக் கோடு பார்வையாளரிடமிருந்து இரண்டேகால் கி.மீ. தள்ளிப்போகும், நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் குருவியாகத் தெரியும். திருப்பத்துக்கு முன் 140-க்குக் குறைத்தால் ஆரம் 700 மீட்டருக்கு வந்துவிடும். கூட்டத்துக்கு முன்னால் மட்டும் மூக்கை லேசாகத் தாழ்த்தி 180-ஐ எட்டினால் போதும். சாய்வை 30-க்கு மேல் கூட்டி ஆரத்தைக் குறைக்க நினைக்காதீர்கள். 2023-இல் அமெரிக்க விமான நிர்வாகம் பி-17-களின் இறக்கைத் தண்டு இணைப்புகளைச் சோதிக்கச் சொன்னது களைப்பு விரிசலுக்காக. நிஜக் குழுக்கள் ஜி-விசையை ஏன் கஞ்சத்தனமாகச் செலவிடுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மல்டிபிளேயரில் ஃபைட்டர்களோடு சேர்ந்து பறந்தால் உயரப் பிரிவை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். 2022 நவம்பர் 12 அன்று டல்லாஸில் 'டெக்சாஸ் ரெய்டர்ஸ்' பி-17 மீது பி-63 (P-63) ஃபைட்டர் மோதி ஆறு பேர் இறந்தனர். முன்கூட்டியே விளக்கிச் சொன்ன, போதுமான பிரிவுத் திட்டம் இல்லாததையே விசாரணை அறிக்கை காரணமாகச் சுட்டியது.

ஒரு இன்ஜின் போனால்

500 அடியில் 4-ஆம் இன்ஜினைச் செயலிழக்க வைத்துப் பழகுங்கள். 2019 அக்டோபர் 2 அன்று பிராட்லி விமான நிலையத்தில் 'நைன்-ஓ-நைன்' என்ற பி-17 விபத்துக்குள்ளானபோது தொல்லை கொடுத்ததும் இதே இன்ஜின்தான். அது முழுமையாகச் சக்தி தராததால் அணைக்கப்பட்டது. பிறகு விமானத்தின் அமைப்பும் வேகமும் சரியாகப் பேணப்படவில்லை, கியர் சீக்கிரமே இறக்கப்பட்டது என்கிறது அறிக்கை. விமானம் ரன்வேயை எட்டவில்லை. சிம்மில் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஃபெதர் பட்டனை அழுத்தி (நின்ற ப்ராப்பின் பிளேடு காற்றைத் தடுக்காமல் திரும்பும்), ஒரு பக்க இழுப்பைச் சமன்செய்ய ரடர் ட்ரிம் கொடுத்து, 130 மைலுக்குக் குறையாமல், கியரை உள்ளேயே வைத்திருந்தால் இந்த எடையில் மூன்று இன்ஜினில் உயரம் தங்கும். டவுன்விண்டிலேயே (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும்போதே) கியரை இறக்கினால் வேகம் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரன்வேயை எட்டிவிடுவோம் என்று உறுதியான பிறகு கியர், அதற்கும் பிறகு முழு ஃபிளாப்.

தரையிறக்கம்

இறுதி நெருக்கத்தில் 120, வேலியைத் தாண்டும்போது 110. முன்சக்கரம் இரண்டையும் முதலில் தொடவிட்டு வாலைத் தானாக விழவிடுவது எளிது. பக்கக் காற்றில் மூன்று சக்கரத்தையும் ஒன்றாகத் தொட முயன்றால் பெரிய வால் காற்றாடி போலத் திருப்பிவிடும். நின்றதும் உடனே அணைக்காமல், சிலிண்டர் தலை வெப்பம் இறங்கும்வரை 1000 ஆர்பிஎம்மில் விட்டு, பிறகு மிக்ஸ்சரைக் கட்-ஆஃப் செய்யவும்.

அடுத்து பாக்கி இருப்பது கவுல் ஃபிளாப்புக்கு நான்கு மூன்று-நிலை ஸ்விட்ச். அது முடிந்ததும் இன்னொரு குண்டுவீச்சு விமானமான பி-29. இன்று பறக்கும் 'ஃபிஃபி', 'டாக்' இரண்டுமே ஆர்-3350 இன்ஜின் விமானங்கள். தரையில் காத்திருந்தாலே வெப்பம் ஏறும் ரகம் என்பதால் அதில் கவுல் ஃபிளாப் ஸ்விட்ச் இல்லாமல் டேக்ஸிகூடச் செய்ய முடியாது.